ழகரத்தை எண்ணுவது

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை மொழியியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் தரவுகளின் அடிப்படையில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். ‘தமிழர் பேச்சில் ழகரம் அழிந்துவருகிறதா?’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். மதுரையில் உள்ள என் நண்பர்களுக்குக் கூகுள் படிவம் அனுப்பி, ‘நீங்கள் ழகரத்தைச் சரியாக உச்சரிக்கிறீர்களா?’ என்று கேட்க எண்ணம். இது போதுமா?

ம.

அன்புள்ள ம.,

போதாது. ழகரம் தமிழின் சிறப்பெழுத்து என்று பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்களிடம் இப்படிக் கேட்டால், பெரும்பாலோர் ‘ஆம்’ என்றுதான் எழுதுவார்கள். அது ழகரத்தின்மேல் அவர்களுக்கு உள்ள மதிப்பைக் காட்டுமே தவிர, கடையில் வாழைப்பழம் வாங்கும்போது அவர்கள் வாயில் என்ன வருகிறது என்பதைக் காட்டாது. அந்த மதிப்பையே ஆராய்வதென்றால் படிவம் பொருத்தமான கருவிதான். ஆனால் உங்கள் கேள்வி பேச்சைப் பற்றியது.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்ததைப் படித்திருப்பீர்கள். சாக்ஸ், மேசீஸ், கிளைன் என்று தரத்திலும் விலையிலும் வேறுபட்ட மூன்று கடைகளுக்குப் போய், நான்காம் தளத்தில் இருப்பது தெரிந்த ஒரு பிரிவு எங்கே என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வந்ததும், காதில் விழாததுபோல் மறுபடி சொல்லவைத்தார். அப்போது அதே சொற்கள் அழுத்தம் திருத்தமாக வந்தன. இந்தச் சொற்களில் உள்ள ரகரத்தை நியூயார்க்கில் சிலர் ஒலிப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள்; அது கடையின் தரத்துக்கேற்ப மாறுகிறதா என்பதே அவர் கேள்வி. இரண்டு சொற்கள், இரண்டு முறை என்று ரகரம் வரக்கூடிய இடங்கள் ஓர் ஆளுக்கு நான்கே. 264 பேரிடம் கேட்டுத் தொகுத்தபோது, ரகரம் சாக்ஸில் மிகுந்தும் மேசீஸில் நடுத்தரமாகவும் கிளைனில் குறைந்தும் இருந்தது. அவர் கேட்டது மிகச் சிறிய கேள்வி, அதற்கு ‘இல்லை’ என்ற விடையும் வந்திருக்கக்கூடும் என்பதையே இதில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் தலைப்பில் ‘தமிழர்’ என்பதும் ‘அழிந்துவருகிறதா’ என்பதும் ஒரு பருவத்துக்குள் அடங்காதவை. மதுரை வட்டாரப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலாகத் தெரிந்ததே. ஆகவே இப்படிக் கேளுங்கள்: மதுரையில் வளர்ந்த கல்லூரி மாணவர்கள், சொற்பட்டியலை வாசிக்கும்போது ழகரத்தை ஒலிக்கும் அளவுக்கு இயல்பாகப் பேசும்போதும் ஒலிக்கிறார்களா? பத்துப் பேர், ஆளுக்குக் கால்மணி நேரப் பேச்சு, ஒரு சொற்பட்டியல் இருந்தால் போதும். ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்று, பெயரை நீக்கிப் பதிவுசெய்யுங்கள்.

உழைப்பு முழுவதும் எண்ணுவதில்தான் இருக்கிறது. ழகரம் வந்த இடங்களை மட்டும் எண்ணினால் பயனில்லை. வரக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் எடுத்து, அவற்றில் எத்தனையில் வந்தது என்று பார்க்கவேண்டும். எது வரக்கூடிய இடம் என்பதையும் நீங்களே முடிவுசெய்து கட்டுரையில் எழுதவேண்டும். ‘அப்பொழுது’ பேச்சில் ‘அப்போ’ ஆகிவிடுகிறது. அங்கே பேசுபவருக்குத் தேர்வே இல்லை என்பதால் அதை விலக்குங்கள். ‘மழை’யில் உள்ள ழகரத்தையும், மெய்க்கு முன் வரும் ‘வாழ்க்கை’யின் ழகரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒருவர் ‘கிழமை’ என்பதையே இருபது முறை சொன்னால் உங்கள் விழுக்காடு அந்த ஒரு சொல்லின் விழுக்காடாகிவிடும் என்பதால், ஒரு சொல்லுக்கு ஓர் ஆளிடமிருந்து மூன்று முறைக்கு மேல் எடுக்காதீர்கள். பத்துப் பேரிடமிருந்து முந்நூறு இடங்கள் கிடைத்தாலும் உங்களிடம் இருப்பவர்கள் பத்துப் பேரே. ஆகவே அட்டவணையில் ஒவ்வொருவரின் கணக்கையும் தனியே காட்டுங்கள்.

ஐயமான ஒலிகளைப் பிராத் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் பாருங்கள்; இலவசமாகவே கிடைக்கிறது. அதோடு, பதிவின் ஒரு பகுதியை உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரிடம், பேசியவர் யார் என்று சொல்லாமல் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நம் காது எழுத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்கிறது. ‘பழம்’ என்று தெரிந்தபின் ‘பளம்’ காதில் விழுவதில்லை.

எழுதும்போது ஆய்வுமுறைப் பகுதியைப் பதிவுசெய்யும் நாட்களிலேயே எழுதிவிடுங்கள். முன்னுரை கடைசியில் வரட்டும். வாசிப்புக்கும் பேச்சுக்கும் வேறுபாடே இல்லை என்று கிடைத்தாலும் அதுவும் ஒரு முடிவுதான். அதை அப்படியே எழுதுங்கள்.

முதலில் இரண்டு பேரிடம் மட்டும் சோதனையாகப் பதிவுசெய்துபாருங்கள். ஊர்த் திருவிழா, மழைக்காலம், வீட்டில் வளர்த்த கோழி என்று பேச்சைக் கொண்டுபோனால், கால்மணி நேரத்தில் போதிய ழகர இடங்கள் தாமாகவே விழுகின்றனவா என்பது தெரிந்துவிடும். விழவில்லை என்றால் மற்ற எட்டுப் பேரிடம் போகுமுன் பேச்சுப்பொருளை மாற்றிவிடலாம்.