உறைபனிக்கு முன் எதைப் பறிப்பது, எதை விட்டுவைப்பது? – வாசகர் கேள்வி பதில்

இலையுதிர்காலம் பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சமூகத் தோட்டங்களில் பாத்தி வைத்திருப்பவர்கள் எழுதியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறைதான் என்னால் அங்கே போக முடிகிறது. இந்த வாரக் கடைசியில் இரவு வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. தக்காளி, குடைமிளகாய், பீன்ஸ், பீட்ரூட், கேரட், கேல் கீரை ஆகிய எல்லாமே இன்னும் பாத்தியில்தான் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பறித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். குளிரைக் கண்டு அஞ்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துவிடுவதுதான் இந்தப் பருவத்தில் நான் அதிகம் காணும் தவறு. குளிர் எல்லாக் காய்களுக்கும் பகையன்று. சிலவற்றை ஒரே இரவில் அழிக்கும் அதே குளிர், வேறு சிலவற்றுக்குச் சுவையூட்டுகிறது. ஆகவே அறுவடையின் வரிசையை முடிவு செய்ய வேண்டியது அந்தந்தச் செடியின் தாங்கும் திறனே.

முதலில், 2 டிகிரி என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். வானிலை அறிவிப்பில் வருவது தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில் அளக்கப்படும் காற்றின் வெப்பநிலை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுவதால், இலைகள் இருக்கும் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். உங்கள் தோட்டம் பள்ளமான இடத்தில் இருந்தால், கனத்த குளிர்காற்று அங்கே வந்து தேங்கி, சுற்றுப்புறத்துக்கு முன்பே உறைபனி விழக்கூடும்.

தக்காளி, குடைமிளகாய், கத்தரி, பீன்ஸ், வெள்ளரி, சர்க்கரைவள்ளி ஆகியவை வெப்பமான நிலங்களிலிருந்து வந்த செடிகள். உறைபனியில் அவற்றின் திசுக்களுக்குள் பனிப்படிகங்கள் உண்டாகி உயிரணுக்களைச் சிதைத்துவிடுவதால், மறுநாள் வெயில் பட்டதும் இலைகள் வெந்ததுபோல் தொங்கிக் கறுத்துப்போகும். இவற்றை அந்த இரவுக்கு முன்பே பறித்துவிடுங்கள். பீட்ரூட் மெல்லிய உறைபனியைத் தாங்கும். அடுத்த வாரம் வரை அது காத்திருக்கும். கேரட்டையும் கேல் கீரையையும் இப்போது தொடவே வேண்டாம். கேல் கீரை −5 டிகிரிக்குக் கீழும் உயிரோடிருக்கும். அதைக் கீழ்வரிசை இலைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் பருவத்தின் கடைசிவரை தளிர்த்துக்கொண்டே இருக்கும்.

தோட்டத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. முதல் உறைபனிக்குப் பிறகு பெரும்பாலும் சில நாட்களாவது மிதமான வானிலை திரும்பி வருவதால், அந்த ஓர் இரவை மட்டும் கடத்திவிட்டால் தக்காளிச் செடி மேலும் சில நாட்கள் காய்களை முதிரவைக்கும். பகலில் மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, பொழுது சாயும் முன் பழைய போர்வையால் செடியைத் தரை வரை தொங்கும்படி மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். ஈரமண் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளியிடும். துணி அதை வெளியேறாமல் பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும் என்பதால் துணியே நல்லது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரும் உங்களுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: பறித்த தக்காளியில் பெரும்பகுதி பச்சையாகவே இருக்கிறது. ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். சில சுருங்கிப்போயின, சில அழுகின. எப்படிப் பழுக்கவைப்பது?

பதில்: தக்காளி பழுக்க வெயில் தேவையில்லை, தேவைப்படுவது மிதமான வெப்பமும், பழம் தானாகவே வெளியிடும் எத்திலீன் வாயுவும்தான். ஆனால் எல்லாப் பச்சைக் காயும் பழுத்துவிடாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முழு அளவுக்கு வளர்ந்து, பளபளப்பேறி, கரும்பச்சை வெளிறத் தொடங்கிய காய்களே வீட்டில் பழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு காயை நறுக்கிப் பாருங்கள். விதைகளைச் சுற்றிக் கூழ்போன்ற பசை இருந்து, கத்தி படும்போது விதைகள் வெட்டுப்படாமல் நழுவினால் அது முற்றிய காய்; அதே தோற்றமுள்ள மற்றவையும் பழுக்கும். கூழில்லாமல் விதை வெட்டுப்படும் பிஞ்சுகளைக் காத்திருக்கவைப்பதில் பயனில்லை.

முற்றிய காய்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மற்றக் காய்களைக் குத்தாதபடி காம்பை நீக்கி, அட்டைப்பெட்டியில் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில் அவை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழுக்கும். 13 டிகிரி அளவில் மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். வீட்டில் குளிர்ந்த மூலை ஒன்றும் வெதுவெதுப்பான மூலை ஒன்றும் இருந்தால் பாதியை இங்கும் பாதியை அங்குமாக வையுங்கள். பழங்கள் ஒரே நாளில் வந்து குவியாமல் தவணையாகக் கிடைக்கும். ஆனால் 10 டிகிரிக்குக் கீழே வைத்த காய்கள் சுவையிழந்து, பழுக்காமலேயே கெட்டுப்போகும். எனவே குளிர்சாதனப் பெட்டி இதற்கு உதவாது. அவசரமென்றால் பழுத்த ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ உடன் வைக்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து அழுகலை அப்புறப்படுத்துவது அவசியம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உறைபனியில் செத்துப்போன கொடியிலிருந்து எடுத்த தக்காளியைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துப் பதப்படுத்தக் கூடாது. அத்தகைய பழத்தில் புளிப்புத்தன்மை குறைந்திருக்கலாம். புட்டிக்குள் நச்சுக்கிருமி வளராமல் தடுப்பதே அந்தப் புளிப்புதான். கெடாத பகுதியை உடனே சமைக்கலாம், அல்லது உறையவைத்துப் பாதுகாக்கலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் பாத்தியில் விளைந்த பூசணிகள் ஒரே மாதத்தில் காம்புப் பக்கத்திலிருந்து அழுகிவிட்டன. பிறர் பல மாதம் வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: காம்புதான் காரணமாக இருக்க வேண்டும். நானும் முன்பொரு முறை காம்பைக் கைப்பிடிபோலப் பிடித்துத் தூக்கியதில், நன்றாக விளைந்த நான்கு பூசணிகளை இழந்தேன். காம்பு முறிந்த இடம் கிருமிகளுக்குத் திறந்த வாசல். கொடியிலிருந்து பிரிக்கும்போது 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் காம்பு நிற்கும்படி கத்தரிக்கோலால் வெட்டி, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் தோலில் பதியக் கூடாது; காம்பும் காய்ந்து தக்கைபோல் ஆகியிருக்க வேண்டும். அதற்குமுன் பறித்த காய் நிலைக்காது.

பறித்தபின் 27 டிகிரி அளவிலான வெப்பமும் நல்ல காற்றோட்டமும் உள்ள இடத்தில் பத்து நாள் வைத்தால் தோல் இறுகும், சிறு கீறல்களும் ஆறிவிடும். அதன்பின் 10 முதல் 13 டிகிரியில், ஈரமில்லாத அறையில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் வையுங்கள்.

கேள்வி: கேரட்டைக் குளிர்காலம் முழுவதும் மண்ணிலேயே விடலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. குளிர் கூடும்போது கேரட், பார்ஸ்னிப் (கேரட்டைப் போன்ற வெளிறிய நிறக் கிழங்கு) போன்றவை தம்மிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் உறைய இன்னும் கடுமையான குளிர் வேண்டும் என்பதால், அது செடிக்குத் தற்காப்பு. நமக்குக் கூடுதல் இனிப்பு. நிலம் உறைவதற்கு முன் மண்ணுக்கு வெளியே தெரியும் கிழங்கின் தலைப்பகுதியை மண்ணால் மூடி, அதன்மேல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்காகப் போட்டால், வேண்டும்போது விலக்கித் தோண்டலாம். எலித்தொல்லை உள்ள தோட்டங்களில் இது கைகொடுக்காது. அந்த மூடாக்கே எலிகளுக்குக் கூடாகிவிடும்.

ஆனால் சமூகத் தோட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல தோட்டங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் பாத்தியை ஒழித்துத் தரவேண்டும் என்ற விதி இருக்கும். மூடாக்குப் போடும் முன் அந்தத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால், தழையைத் திருகி எடுத்துவிட்டு, கழுவாமல், ஈரமணலில் அடுக்கி 0 முதல் 2 டிகிரியில் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால் அதன் எத்திலீன் கேரட்டைக் கசக்கவைக்கும். பீட்ரூட்டுக்கு மட்டும் இரண்டு விரல்கடை தண்டை விட்டுவைக்க வேண்டும். ஒட்ட வெட்டினால் சாறு வடிந்துவிடும்.

கேள்வி: பக்கத்துப் பாத்திக்காரர் ஒரு மாதமாக வரவில்லை. அவருடைய முட்டைக்கோஸ்கள் மழையில் வெடிக்கத் தொடங்கிவிட்டன. வீணாவதைப் பார்க்க மனம் வரவில்லை. பறித்து யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரைக் கேட்காமல் பறிக்காதீர்கள். நோயோ, வீட்டில் துயரமோ அவரைத் தடுத்திருக்கலாம். குணமாகித் திரும்பி வருபவர் வெறும் பாத்தியைக் காண்பது வெடித்த முட்டைக்கோஸைக் காண்பதைவிடக் கொடியது. தோட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் வழியாக அவரைத் தொடர்புகொள்ளுங்கள். அவர் சம்மதித்தால், வெடிப்பைத் தடுக்க ஒரு வழி உண்டு: முட்டைக்கோஸை இரு கைகளாலும் பிடித்து அரைச்சுற்றுத் திருகினால் வேர்களில் ஒரு பகுதி அறுந்து, நீர் உறிஞ்சுவது குறையும். அவர் திரும்பும் வரை அது தாங்கக்கூடும். வெடித்தவற்றை உடனே அறுத்துச் சமைக்க வேண்டும். அவை சேமிப்புக்கு உதவா.

இப்படிப்பட்ட தயக்கமே எழாதிருக்க, 'இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்பதற்கு அடையாளமாக வண்ணத்துணி கட்டிய குச்சியை நடும் வழக்கத்தை உங்கள் தோட்டத்தில் தொடங்கலாம். உணவு தேவைப்படுவோருக்கு வழங்கும் அமைப்புக்குக் கொடுப்பதானால், அவர்கள் எந்த நாளில் பெற்றுக்கொள்கிறார்கள் என்று விசாரித்து, அன்று காலையில் பறியுங்கள். நாம் உண்ணத் தயங்கும் காயை அந்தக் கூடையில் போடக் கூடாது.

கேள்வி: தக்காளி இலைகளில் கருகல் நோய் பரவியிருந்தது. காய்ந்த செடிகளைப் பொது மட்குக் குவியலில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். தக்காளியையும் உருளைக்கிழங்கையும் தாக்கும் பின்பருவக் கருகல் நோய்தான் 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சலை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்தது. அதன் வித்துகள் காற்றில் பரவுவதால் ஒருவரின் அலட்சியம் தோட்டத்திலுள்ள அனைவரையும் பாதிக்கும். நன்றாகச் சூடேறும் குவியல் 55 டிகிரிக்கு மேல் சென்று கிருமிகளை அழிக்கும் என்றாலும், பலரும் அவ்வப்போது கொண்டுவந்து கொட்டும் பொதுக் குவியல் முழுதும் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. செடிகளைப் பையில் கட்டி, தோட்ட விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.

இந்த நோய் பெரும்பாலும் உயிருள்ள திசுவிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. காய்ந்த தக்காளித் தண்டைவிட, மண்ணுக்குள் விட்டுப்போன உருளைக்கிழங்கே அதற்கு ஏற்ற இடம். ஆகவே உருளை விளைந்த பாத்தியை இன்னொரு முறை கிளறி, கோலி அளவுள்ள கிழங்கையும் விடாமல் பொறுக்கிவிடுங்கள். வசந்தத்தில் தானாக முளைக்கும் உருளைச் செடியைக் கண்டால் அன்றே பிடுங்குங்கள்.