பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கினேன். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. எஞ்சின் போய்விட்டதா?

உடனே அந்த முடிவுக்கு வராதீர்கள். குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, சூடேறுமுன் அணைத்திருந்தால் பெட்ரோல் தேங்கி பிளக்குகள் நனைந்திருக்கும். இந்த வண்டியில் முதல் சந்தேகம் அதுதான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி சுமார் 10 வினாடி செல்ஃப் அடியுங்கள். அப்போது இன்ஜெக்டர்கள் பெட்ரோல் விடுவதில்லை. பிடிக்காவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்றிக் காயவையுங்கள். லீடிங் (கீழே உள்ளவை), டிரெய்லிங் (மேலே உள்ளவை) பிளக்குகள் வேறு வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஸ்பார்க் வருகிறதா என்றும் பாருங்கள், இதில் இக்னிஷன் காயில்கள் அடிக்கடி போகும்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும்தான். நிமிடத்துக்கு 250 சுற்றாவது வேண்டும்.

குளிரில் பிடித்து, சூடான பிறகு பிடிக்க மறுத்தால்தான் கவலை. இந்த ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் சுழலும் முக்கோண ரோட்டரின் முனைகளிலுள்ள ஏபெக்ஸ் சீல்கள் (அடைப்புப் பட்டைகள்) தேய்ந்து, கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) கசியும்போது வரும் அறிகுறி அது. சாதாரண கம்ப்ரஷன் கேஜை நம்பாதீர்கள்; ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டும், செத்த முகம் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் வேண்டும். 250 சுற்றில் ஏதாவது ஒரு முகம் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே காட்டினால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.