குழுவை விட்டு வந்தாயிற்று, முடிவெடுக்கத்தான் முடியவில்லை

கேள்வி: என் வயது 25. கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 19 வயதில், ஓர் ஆன்மிகக் குழுவில் சேர்ந்தேன். படிப்பை விட்டுவிட்டுக் குழுவின் இல்லத்திலேயே ஐந்து ஆண்டுகள் தங்கியிருந்தேன். எப்போது எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும், யாரோடு பேசலாம் என்பதெல்லாம் குருவின் பெயரால் முடிவாகும். எட்டு மாதங்களுக்கு முன் வெளியேறி, இப்போது பெற்றோருடன் இருக்கிறேன். ஒரு சோப்பு வாங்கப் போனால்கூட, இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். மணியோசை கேட்டால் மனம் எங்கோ போய்விடுகிறது. விலகியவர்களுக்கு அழிவுதான் என்ற குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஐந்து ஆண்டுகளை எப்படி விளக்குவது? நான் அழைத்துச் சென்ற தோழி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. வீட்டில் "நடந்ததை மறந்துவிடு" என்கிறார்கள். நான் எப்போது சரியாவேன்?

பதில்: நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கும் அந்தச் சோப்பு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், மற்றச் சிக்கல்களின் வேரும் அங்கேதான் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள், அதுவும் ஒருவர் தன் விருப்பு வெறுப்புகளைத் தெரிந்துகொள்ளும் வயதில், உங்களுக்காக வேறொருவர் முடிவெடுத்தார். நீங்களாக எடுத்த முடிவு தவறென்று கண்டிக்கப்பட்டது. அப்படிப் பழகிய மனத்துக்கு எந்தத் தேர்விலும் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பதாகவே தோன்றும். இதற்கும் அறிவுக் குறைவுக்கும் தொடர்பில்லை. நீண்ட நாள் மாவுக்கட்டில் இருந்த கையைக் கட்டைப் பிரித்ததும் தூக்க முடியாமல் போவதைப் போன்றதுதான் இது: தசை மெலிந்திருக்கிறதே தவிர, கை போய்விடவில்லை. ஆகவே என் ஆலோசனைகள் அனைத்தும் ஒரே நோக்கம் கொண்டவை. முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் திரும்ப வர வேண்டும். அதை இன்னொருவர் கையில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மறுபடியும் ஒப்படைத்துவிடக் கூடாது. இதில் பெற்றோரும் அடக்கம், மனநல ஆலோசகரும் அடக்கம், நானும் அடக்கம்.

தவறினாலும் பாதகமில்லாத முடிவுகளை நாள்தோறும் வேண்டுமென்றே எடுங்கள். இன்று எந்த உடை, எந்தப் பாதையில் நடை, எந்தப் படம் என்று தொடங்கலாம். கடையில் நிற்கும்போது, இரண்டு நிமிடத்துக்குள் ஒன்றை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதன் மணம் பிடிக்கவில்லையென்றால், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லவே அனுமதியில்லாத இடத்தில் இருந்துவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு வரி சாதாரணமானதல்ல. நாளடைவில் அந்த நோட்டு உங்கள் ரசனையைப் பற்றிய ஆவணமாகவே ஆகிவிடும். பெரிய முடிவுகளுக்கு நேர்மாறான விதி: திருமணம், கடன், பெருந்தொகை, புதிய அமைப்பில் சேர்வது ஆகிய எதுவானாலும் சில நாட்களாவது ஆறப்போடுங்கள். "இப்போதே பதில் சொல்" என்று நெருக்குபவருக்கு "இப்போது முடியாது" என்பதே பதிலாக இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிச்சயமான விடைகளோடு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அவை இல்லாத வெறுமை தாங்க முடியாததாக இருக்கும். அந்த நேரத்தில் எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் காதலரோ, பலநிலை விற்பனை நிறுவனமோ, இன்னொரு குருவோ வந்து நின்றால், பழகிய நிழலில் ஒதுங்குவது எளிது.

அடுத்தது மணியோசை. இத்தகைய குழுக்களிலிருந்து வந்தவர்களோடு பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் மார்கரெட் சிங்கர், 1979ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில், மனம் திடீரென்று பழைய குழு நிலைக்குள் நழுவுவதை 'மிதத்தல்' என்று குறிப்பிட்டார். மணிக்கணக்கான மந்திர உச்சாடனமும் தியானமும் போதிய உறக்கமின்மையோடு சேரும்போது மனம் ஒருவகை மயக்க நிலைக்குப் பழகிவிடுகிறது. அந்த நிலையோடு இணைந்திருந்த ஓசையோ வாசனையோ சொற்றொடரோ எதிர்ப்பட்டால் அதே நிலைக்கு ஒரு கணத்தில் திரும்பிவிடுகிறது. நம்பிக்கையின் உண்மைக்கோ தெய்வத்தின் கோபத்துக்கோ இது சான்றாகாது. அது நேரும்போது கண்களை மூடாதீர்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி, இன்றைய தேதியையும் நிற்கும் இடத்தையும் எதிரே தெரியும் நான்கைந்து பொருட்களின் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கை நனைப்பதும் உதவும். பிறகு எந்த ஓசை, எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வையுங்கள். தூண்டுவது எது என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அதன் வலிமை பாதி குறைந்துவிடும்.

இதே காரணத்தால், தியானம், மூச்சுப் பயிற்சி, ஜெபம் ஆகியவற்றைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைப்பது நல்லது என்பது என் கருத்து. பதற்றமா, கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு அதுவே பழைய அறைக்குள் மீண்டும் தள்ளிவிடும் கதவாக அமையலாம். கடவுள் நம்பிக்கையைக் கைவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தொடர்வதா, மாற்றிக்கொள்வதா, விடுவதா என்ற முடிவுக்கு அவசரமே இல்லை.

"விலகினால் அழிவு" என்ற குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் கட்டாயச் சிந்தனை மாற்றத்துக்கு ஆளாகி வெளியே வந்த 40 பேரை 1950களில் ஹாங்காங்கில் நேர்கண்டு ஆராய்ந்து, 1961இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சூழல்களின் எட்டுக் கூறுகளை வரையறுத்தார். தகவல் தொடர்பைக் கட்டுப்படுத்துவது, பாவ அறிக்கை செய்ய வைப்பது, சிந்தனையை வெட்டிவிடும் ஆயத்தச் சொற்களைப் புழங்குவது, யார் வாழத் தகுதியுள்ளவர், யார் இல்லாதவர் என்று தீர்ப்பளிப்பது ஆகியவை அவற்றுள் சில. உங்கள் குழுவின் அச்சுறுத்தல் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குழுக்கள் பலவும் இதே அச்சுறுத்தலைச் சொல்லியிருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தாலே, அது உங்களைக் குறித்து வெளிவந்த தீர்க்கதரிசனம் இல்லை, உறுப்பினரைத் தக்கவைக்கும் உத்தி என்பது விளங்கும். குழுவின் தனிச்சொற்களை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எல்லோரும் பேசும் சொல்லில் பொருள் எழுதிப் பாருங்கள். 'சமர்ப்பணம்' என்ற சொல்லுக்கு எதிரே 'கேள்வி கேட்காமல் சம்பளமில்லாமல் உழைத்தல்' என்று எழுத நேரும்போது வலிக்கும். ஆனாலும் எழுதுங்கள்.

உடனே செய்ய வேண்டிய நடைமுறைக் காரியங்கள் சில உண்டு. அடையாள ஆவணங்களும் கல்விச் சான்றிதழ்களும் குழுவிடம் இருந்தால், தனியாகப் போய்க் கேட்காதீர்கள். எழுத்து மூலமாகக் கேட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள், தராவிட்டால் வழக்கறிஞர் மூலமாகவோ காவல் துறை மூலமாகவோ கேளுங்கள். மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, சமூக ஊடகம் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றுவதோடு, கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண் யாருடையது என்றும் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தொலைபேசியில் இருப்பிடப் பகிர்வை அணைத்துவிடுங்கள். கூட்டுக் கணக்கு, அதிகாரப் பத்திரம், வெற்றுத்தாளில் கையெழுத்து என எதையேனும் கொடுத்திருந்தால் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குழுவில் எழுதிக் கொடுத்த பாவ அறிக்கைகளைக் காட்டி யாரேனும் மிரட்டினால், அந்தச் செய்தியை அழிக்காமல் சேமித்து வையுங்கள். மிரட்டல் குற்றம், நீங்கள் எழுதிக் கொடுத்தது குற்றமில்லை. பொது மருத்துவரிடம் ஒரு முழுப் பரிசோதனையும் தேவை. குறை உணவும் குறைத் தூக்கமுமாக வாழ்ந்த உடலில் இரத்தசோகையோ வைட்டமின் குறைபாடோ இருந்தால், அதன் சோர்வையும் நீங்கள் மனத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

மனநல ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள்தான் நேர்காணல் செய்பவர். என்ன தகுதி, எந்தச் சிகிச்சை முறை, கட்டாயக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர்களோடு பணியாற்றிய அனுபவம் உண்டா, நான் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேள்விகளால் எரிச்சலடைபவர் உங்களுக்கு ஏற்றவரல்லர். நீண்டகால வற்புறுத்தலால் ஏற்படும் அடையாளக் குழப்பத்தை, 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு தனியாகக் குறிப்பிடுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11, நீடித்த கொடுமைகளால் விளையும் சிக்கலான அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாற்றை ஏற்றிருக்கிறது. இவற்றில் ஏதேனும் உங்களுக்குப் பொருந்துமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு: வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போய்விடுங்கள்.

எப்போது சரியாவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாம் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அன்றாட வாழ்க்கை பழைய திறனோடு நடைபெற 6 முதல் 18 மாதங்கள் ஆனதாகச் சிங்கர் எழுதினார். அன்றாட வாழ்க்கை சீராவதும் துயரம் தீர்வதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு நாள் குறிக்க நான் விரும்பவில்லை. அதிர்ச்சியிலிருந்து மீள்வதை மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மூன்று கட்டங்களாக விளக்கினார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மனிதர்களோடு மறுபடி இணைதல். உங்கள் வீட்டார் நடுக்கட்டத்தைத் தாண்டிவிடச் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அது நடவாது. நீங்கள் ஐந்து ஆண்டுகளை இழந்திருக்கிறீர்கள். அங்கே உண்மையான நட்பும் மகிழ்ச்சியான சில நாட்களும் இருந்திருக்கும், அவற்றையும் சேர்த்துத்தான் இழந்திருக்கிறீர்கள். சில இரவுகளில் அந்த இடத்துக்காக ஏங்கினால், வெளியேறியது தவறென்று பொருளாகாது. இந்தப் பத்தியைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். அறிவுரை சொல்லாமல் வாரம் ஒருநாள் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்படி அவர்களைக் கேட்கலாம்.

வேலை விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, பொய்யும் வேண்டாம், வாழ்க்கை வரலாறும் வேண்டாம். "ஒரு தன்னார்வ சமய அமைப்பில் முழுநேரப் பணி" என்று ஆண்டுகளோடு எழுதி, செய்த வேலைகளை அதன் கீழே குறிப்பிடுங்கள். நூற்றுக்கணக்கானோருக்குச் சமையல் மேற்பார்வை, கணக்கு எழுதுதல், நிகழ்ச்சி ஏற்பாடு, மொழிபெயர்ப்பு என எதைச் செய்திருந்தாலும் அது உழைப்புதான், உங்கள் திறமைதான். நேர்காணலில் கேட்டால், "அங்கே பொறுப்புகளைக் கற்றேன், இப்போது விலகிவிட்டேன், இந்தத் துறையில் தொடர விரும்புகிறேன்" என்பதோடு நிறுத்தலாம். பரிந்துரைக்கக் குழுவைச் சேர்ந்தவர் வேண்டாம். மூன்று நான்கு மாதப் பகுதிநேர வேலையோ குறுகிய காலப் படிப்போ இருந்தால், உங்களைப் பற்றிச் சொல்லப் புதிய மனிதர் ஒருவர் கிடைப்பார். விட்ட பட்டப்படிப்பைத் தொடர வழியுண்டா என்று கல்லூரியில் எழுதிக் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இதற்கு இடம் தருகின்றன.

கடைசியாக உங்கள் தோழி. நீங்கள் அவரை அழைத்துச் சென்றபோது நல்லதென்று நம்பித்தான் அழைத்தீர்கள். ஏமாற்றப்பட்ட ஒருவர் வழியாக இன்னொருவரை ஏமாற்றுவதே இக்குழுக்கள் வளரும் முறை. பொறுப்பு முழுதும் உங்களுடையதல்ல என்பதால் பொறுப்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன், ஏனெனில் நீங்கள் அதை நம்பமாட்டீர்கள். செய்யக்கூடியதைச் செய்வதுதான் அந்த உணர்வைத் தாங்கும் வழி. 1970களில் சில குடும்பங்கள் பிள்ளைகளைக் கடத்திவந்து அடைத்துவைத்து மனம் மாற்ற முயன்றன. அந்த முறை சட்டச் சிக்கலிலும் மனக்காயத்திலும் முடிந்து கைவிடப்பட்டது. ஆகவே வாதமும் வேண்டாம், குருவைப் பற்றிய குற்றச்சாட்டும் வேண்டாம்; அவை அவரை இன்னும் இறுகப் பிணைக்கும். உங்கள் முகவரி வெளிப்படாத புதிய மின்னஞ்சலிலிருந்து, மற்றவர் படித்தாலும் அவருக்குத் தொல்லை வராத விதத்தில் எழுதுங்கள்: "நாம் கல்லூரியில் சேர்ந்து படித்த நாட்களை நினைத்தேன். நலமாக இருக்கிறேன். எப்போது, எந்த நேரத்தில் வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம், காரணம் கேட்கமாட்டேன்." பதில் வராவிட்டாலும், வசையே பதிலாக வந்தாலும், இரண்டு மூன்று மாதம் கழித்து அதே தொனியில் இன்னொன்று அனுப்புங்கள். ஒருநாள் அவர் அழைத்தால் தங்க எங்கே இடம், யார் உடன் வருவார் என்பதைப் பெற்றோரோடு பேசி இப்போதே முடிவு செய்து வையுங்கள்.