புது டிராக்டருக்கு மாடல் ஆண்டு முக்கியமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று பொங்கல் முடிந்ததும் ஷோரூமுக்குச் சென்றேன். சென்ற ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் தயாரான வண்டி ஒன்று யார்டில் நிற்பதாகவும், அதை எடுத்துக்கொண்டால் 35 ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகவும் டீலர் சொல்கிறார். "போன வருஷ மாடலைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், வாங்காதே" என்கிறார் என் அண்ணன். என் கண்ணுக்கு இரண்டு வண்டிகளும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. நான் என்ன செய்ய வேண்டும்?
- மன்னார்குடி வாசகர்

பதில்: நான்கு மாதங்களுக்கு முன் தயாரான வண்டியை வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால் 35 ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடி போதுமா என்பது, அந்த வண்டியை நீங்கள் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வயலில் இறங்கிய பிறகு மாடல் ஆண்டால் எந்த வேறுபாடும் தெரியாது. மாஸி 1035, ஸ்வராஜ் 744, மஹிந்திரா 575 போன்ற பெயர்கள் நெடுங்காலமாகச் சந்தையில் நிலைத்திருக்கின்றன. இடையிடையே பானெட்டின் வடிவம், விளக்கு, ஸ்டிக்கர், பவர் ஸ்டியரிங், ஆயில் பிரேக் என்று ஒவ்வொன்றாக மாறியிருக்கின்றனவே தவிர, டிசம்பர் 31 இரவோடு ஓர் என்ஜின் வழக்கொழிந்து ஜனவரி முதல் தேதி காலையில் வேறோர் என்ஜின் வந்துவிடுவதில்லை. இரண்டு வண்டிகளின் சிற்றேட்டையும் அருகருகே வைத்து, கியர்களின் எண்ணிக்கை, பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) வேகம், லிஃப்ட் தூக்கும் எடை, டயர் அளவு ஆகியவற்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஒன்றாக இருந்தால் வண்டியும் ஒன்றுதான்.

ஆண்டு பேசத் தொடங்குவது நீங்கள் வண்டியை விற்கும் நாளில்தான். பழைய வண்டி வாங்க வரும் புரோக்கர் வாய் திறந்ததும் "எந்த மாடல்?" என்றுதான் கேட்பார், பதிவுச் சான்றில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பதால், ஜனவரியில் எடுத்த வண்டி என்று நீங்கள் எவ்வளவுதான் எடுத்துச் சொன்னாலும் அவர் ஓர் ஆண்டைக் கழித்துத்தான் விலை பேசுவார். வாடகை உழவுக்கு ஓட்டி, நான்கைந்து ஆண்டுகளில் வண்டியை மாற்றிவிடுபவருக்கு இந்த இழப்பு முழுமையாகத் தெரியும். சொந்த நிலத்துக்கு வாங்கிப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பவருக்கோ அது பெரிதாகத் தெரியாது. அந்த வயதுடைய வண்டியில் என்ஜின் சத்தம், கியர் விழும் விதம், பின் டயரின் பட்டன் (மண்ணைப் பற்றும் மேடு) உயரம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். நீங்கள் முதல் வகை என்றால் 35 ஆயிரம் குறைவு என்பதே என் கருத்து. கூடுதலாகக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இவ்வாண்டு வண்டியையே எடுங்கள். இரண்டாம் வகை என்றால், உங்கள் அண்ணனுக்குக் கோபம் வந்தாலும் சரி, பழைய ஆண்டு வண்டி உங்களுக்கு லாபமே.

தள்ளுபடியை டாப், பம்பர், ஹூக் என்று பொருளாக ஏற்காமல் பில்லிலேயே குறைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் வரியும் வங்கிக் கடனும் சேர்ந்து குறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் தயாரான வண்டி என்பதால் பழைய வரிதான் பொருந்தும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இன்று பணம் கொடுத்து இன்று பில் போடும் வண்டிக்கு இன்றைய வரிதான். வரிக் குறைப்பையே தள்ளுபடியாகக் காட்டுகிறார்களா என்பதையும் பில்லில் அடிப்படை விலையை வைத்துச் சரிபாருங்கள்.

இவ்வளவுக்கும் மேலாக நான் கவலைப்படுவது, அந்த நான்கு மாதங்களும் வண்டி எப்படி நின்றது என்பதைப் பற்றித்தான். உங்கள் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூரையில்லாத யார்டில் அந்த மழை முழுவதையும் வாங்கிய வண்டியில் கிளட்ச் பிளேட் ஈரத்தால் துருப்பிடித்து, என்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது உண்டு. கிளட்சை முழுவதும் மிதித்த பிறகும் கியர் கரகரத்தால் அதைச் சந்தேகிக்கலாம். டீசல் டேங்க் பாதி காலியாக நின்றிருந்தால் உட்சுவரில் நீர் படிந்து டீசலோடு கலக்கும்; டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் இருக்குமானால் அடியில் தனியே தங்கிவிடும். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி அன்று ஒருமுறை ஸ்டார்ட் ஆனாலும் அடுத்த ஆண்டு கைவிட்டுவிடும் என்பதால், அதைப் புதிதாக மாற்றித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். பானெட்டைத் தூக்கி வயர்களை ஒரு பார்வை பாருங்கள். நிற்கும் வண்டி எலிக்கு நல்ல வீடு. நான்கு மாதம் கூரைக்கடியில் நின்ற வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன். இரண்டு மாதம் மழையில் நின்ற இவ்வாண்டு வண்டியை எடுக்க மாட்டேன்.

கேள்வி: வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் டீலர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முன்பே நாமே தெரிந்துகொள்ள வழி உண்டா?
- விழுப்புரம் வாசகி

பதில்: உண்டு. டீலர் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். பதிவுக்கு இந்தச் சான்று இல்லாமல் முடியாது. எனவே வங்கிக்குக் கொடுக்கும் கொட்டேஷனிலேயே சேசிஸ் எண், என்ஜின் எண், தயாரிப்பு மாதம், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

சேசிஸ் எண்ணிலேயே ஆண்டைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பதினேழு எழுத்து முறையில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிப்பது பொது வழக்கம்தான். 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ் என்று அது வரும். ஆனால் டிராக்டர் நிறுவனங்கள் எல்லாமே இதே முறையில் எண் பொறிப்பதில்லை என்பதால், இதை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமே ஒழிய முடிவாகக் கொள்ளக் கூடாது.

டயர் தரும் சாட்சி இதைவிட எளிது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3525 என்றிருந்தால் 2025-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்ட் கடைசியில் வார்த்த டயர். டயர் வண்டிக்குச் சில வாரங்கள் முன்பே தயாராகியிருப்பது இயல்பு. ஆனால் டயரில் உள்ள ஆண்டு, வண்டியின் தயாரிப்பு ஆண்டு என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதைவிட இரண்டு ஆண்டுகள் முந்தியதாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டியதுதான். ஹவர் மீட்டரையும் பாருங்கள். ஆலையிலிருந்து வந்து யார்டில் ஏறி இறங்கிய வண்டியில் சில மணி நேரம்தான் ஓடியிருக்கும்; முப்பது, நாற்பது மணி என்று காட்டினால் அது செய்முறை விளக்கத்துக்கு வயலில் ஓட்டிய வண்டியாக இருக்கலாம், அதற்கு விலையே வேறு.

கேள்வி: எனக்கு 55 குதிரைத்திறன் வண்டி தேவை. "2023-க்குப் பின் வந்த பெரிய வண்டிகள் வேண்டாம், அவற்றை நம் பட்டறையில் பார்க்க முடியாது" என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். டிராக்டரில் ஆண்டு முக்கியமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: உங்கள் விஷயத்தில் மெக்கானிக் தொட்டிருப்பது சரியான இடம். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 என்ற புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது இயந்திர முறை டீசல் பம்பு. ஊர்ப் பட்டறையிலேயே கழற்றி மாட்டிவிடுவார்கள். புதிய விதிக்கு ஏற்ப வந்தவற்றில் காமன் ரெயில் முறையும் (உயர் அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி ஒவ்வொரு சிலிண்டருக்கும் செலுத்துவது) மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சென்சார்களும் சேர்ந்துகொண்டன. விலையும் ஏறியது. டிராக்டரில் ஆண்டு உண்மையிலேயே எல்லைக்கோடாக அமைந்தது இங்கேதான்.

ஆனால் அதற்காகப் புது வண்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. காமன் ரெயில் என்ஜின் டீசலை அளந்து செலுத்துவதால் சுமை மாறும்போதும் சீராக இழுக்கும். அதற்கு ஆகாதது அழுக்கு டீசல். திறந்த கேனில் வாங்கி, துணியில் வடிகட்டி ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும், ஃபில்டரை உரிய மணிக்கு மாற்ற வேண்டும். பழுது பார்க்கக் கணினி வேண்டும் என்பதால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு, அறுவடை நேரத்தில் ஆள் வருவாரா என்று ஏற்கெனவே வாங்கிய இரண்டு பேரிடமாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், இந்த விதியின் எல்லைக்குள் வராத 49 குதிரைத்திறன் வண்டிகளைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ஏழடி ரோட்டவேட்டரை ஈரமான களிமண்ணில் நாள் முழுவதும் ஓட்டுவது உங்கள் வேலையாக இல்லாவிட்டால் அதுவே போதும்.

கேள்வி: இவ்வாண்டு மாடல் என்று சொல்லி விற்றார்கள். பதிவுச் சான்று கைக்கு வந்தபோது அதில் முந்தைய ஆண்டு இருக்கிறது. டீலர், "வாரண்டி நீங்கள் வாங்கிய நாளிலிருந்துதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்.
- திண்டுக்கல் வாசகர்

பதில்: வாரண்டி விற்பனை நாளிலிருந்து தொடங்குவது பொதுவான நடைமுறைதான்; பதிவின் 15 ஆண்டுக் கணக்கும் பதிவு நாளிலிருந்துதான். அந்த அளவில் அவர் சொல்வது உண்மை. மறுவிற்பனையில் வரும் இழப்பு அவர் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். தயாரிப்பு ஆண்டை மறைத்து விற்பது முறையற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் 200 ரூபாய்தான்.

அதற்கு முன், இவ்வாண்டு மாடல் என்று எழுதப்பட்ட தாள் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள்: கொட்டேஷன், முன்பண ரசீது, விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் சரி. அதன் நகலோடு டீலருக்கும் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, விலை வேறுபாட்டைத் திருப்பித் தரும்படி பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமும் தபால் ரசீதும் ஆணையத்தில் உங்கள் புகாருடன் இணைக்கப் பயன்படும்.