கேட்காமலே வந்த ‘ப்ரோ’: பழைய ஹோமுக்குத் திரும்புவது எப்படி?

கேள்வி: மகள் காலேஜில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்த லேப்டாப். வாங்கியபோது அதில் ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்று இருந்தது. மெதுவாக ஓடுகிறதே என்று போன மாதம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். திரும்பி வந்ததும் பார்த்தால் ‘ப்ரோ’ என்று இருக்கிறது. இப்போது திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற எழுத்து வந்து நிற்கிறது. செட்டிங்ஸில் போய் வால்பேப்பர்கூட மாற்ற முடியவில்லை. கடையில் கேட்டால் ப்ரோவுக்குப் புது கீ வாங்க மூவாயிரம் ஆகும் என்கிறார்கள். ‘கோ பேக்’ பட்டனும் வேலை செய்யவில்லை. பழையதற்கே போக வழி உண்டா சார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டும்மா. பணமும் கட்ட வேண்டாம். அந்த மூவாயிரத்தை இன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிடப் போகிறீர்களே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் ஹோம் லைசென்ஸ் எங்கும் போகவில்லை. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, விண்டோஸோடு சேர்த்து விற்கிற லேப்டாப்களில் அதன் கீயை (லைசென்ஸுக்கு உரிய எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பிலேயே பதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்தாலும் சரி, கழற்றிவிட்டுப் புதிது மாட்டினாலும் சரி, அது அழியாது. கடையில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: ப்ரோவுக்கென்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது கீ இருக்கிறது, அதை ஆக்டிவேஷன் பக்கத்தில் போட்டால் ஹோம் கொஞ்ச நேரத்தில் ப்ரோவாக மாறிவிடும். ஆனால் அந்தக் கீ எடிஷனை, அதாவது ஹோம், ப்ரோ என்ற வகையை, மாற்றுமே தவிர லைசென்ஸ் தராது. அதனால்தான் மூலையில் அந்த எழுத்து.

‘கோ பேக்’ ஏன் வேலை செய்யவில்லை என்றால், அது வெர்ஷன் மாறும்போது மட்டும் உதவுகிற வசதி. விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போனால் பழையது முழுவதையும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் எடுத்து வைத்திருக்கும், திரும்பிப் போகலாம். ஹோம் ப்ரோவாகும்போது அப்படி எதையும் எடுத்து வைப்பதில்லை, இருக்கிற இடத்திலேயே மாறிவிடுகிறது. ‘ரீசெட் திஸ் பிசி’யும் உதவாது, ரீசெட் முடிந்ததும் மறுபடி ப்ரோவே வந்து உட்காரும். இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு கீயை மட்டும் மாற்றி இறங்குவதற்கும் மைக்ரோசாஃப்ட் வழி வைக்கவில்லை. ஆக, புதிதாக விண்டோஸ் போடத்தான் வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். ‘பிட்லாக்கர்’ ஓடுகிறதா என்று பாருங்கள். டிஸ்கில் உள்ளதை எல்லாம் பூட்டி வைக்கிற ஏற்பாடு அது. என் தம்பி மகன் லேப்டாப்பில் இதே வேலையைச் செய்தபோது, போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தோம். எல்லாம் முடிந்து டி-யைத் திறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டது. அதுவரை கேட்காமலே திறந்த டிரைவ்தான், ஆனால் தானாகத் திறப்பதற்கான சாவி இருந்ததே சி-யில், அதைத்தான் நாங்கள் அழித்திருந்தோம். அவனுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த எண் பதிவாகியிருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் 3 வருடப் படிப்பும் போயிருக்கும். நீங்கள் அந்த அக்கவுன்ட்டுக்குள் போய் ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், அப்புறம் பிட்லாக்கரையே ஆஃப் செய்துவிடுங்கள். டிஸ்க் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். மகளின் ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப்.

மற்றது சுலபம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘மீடியா கிரியேஷன் டூல்’, இரண்டும் போதும். அந்த டூல்தான் பென் டிரைவில் விண்டோஸைப் பதித்துத் தரும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரையும் (வைஃபையை ஓட வைக்கும் சின்ன மென்பொருள்) லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வது பெரிய அவஸ்தை. லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது தொடங்க வைத்தால், செட்டப் சிப்பில் இருக்கும் கீயைத் தானே படித்துப் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே ஹோமைப் போட்டுவிடும். எந்த எடிஷன் என்று கேட்டால் முன்பு இருந்த அதே ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’, வெறும் ஹோம் இல்லை. நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் இது நிறைய வருகிறது, ஆக்டிவேஷனைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு. நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்திருந்தால், முன்பு அதை எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேர்த்தீர்களோ அதே அக்கவுன்ட்டில் உள்ளே போய் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸ் தன் உள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எடிஷன் பெயரை ‘ஹோம்’ என்று திருத்திவிட்டு, ஃபார்மட் செய்யாமல் செட்டப்பை மேலேயே ஓட்டும் வழி ஒன்றை வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது சிலருக்குச் சரியாக வந்திருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி இல்லை. மகள் தினமும் படிக்கிற லேப்டாப்பில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். அடுத்த முறை எந்தக் கடையில் கொடுத்தாலும் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதிலேயே ‘விண்டோஸ் எடிஷனை மாற்றக் கூடாது’ என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அப்டேட் என்று நினைத்து ‘ஓகே’ கொடுத்தேன், விண்டோஸ் 10 போய் 11 வந்துவிட்டது. என் பழைய பிரின்டர் அதில் ஓடவில்லை. திரும்ப முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: மாறி 10 நாள் ஆகவில்லை என்றால் முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அங்கே ‘கோ பேக்’. ஃபைல்கள் அப்படியே இருக்கும், 11-க்கு வந்த பிறகு போட்ட புரோகிராம்கள் மட்டும் போய்விடும். இடம் போதவில்லை என்று அதற்குள் டிஸ்க் கிளீனப் ஓட்டி ‘முந்தைய விண்டோஸ்’ ஃபைல்களை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைத்துவிடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பேங்க் வேலையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் என்றால், திரும்புவதற்கு முன் பிரின்டர் கம்பெனி தளத்தில் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.