தாதியர் ஆட்குறைப்பு: கையொப்பம் எதற்கு ஈடாக?

கேள்வி: தனியார் தாதிமை இல்லம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஒரு பிரிவை மூடுவதால் தாதியர் சிலரை ஆட்குறைப்புச் செய்கிறோம். அவர்களுள் மலேசியர்களும் உள்ளனர். ‘இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன்’ என்று கையொப்பமிட்ட பிறகே கடைசிச் சம்பளம் உட்பட அனைத்தையும் தரவேண்டும் என்கிறது நிர்வாகம். அப்படி ஒப்பந்தம் எழுதலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எழுதக்கூடாது. கடைசிச் சம்பளம், எடுக்காத வருடாந்தர விடுப்புக்கான பணம், முன்னறிவிப்புக் காலச் சம்பளம் ஆகியவை ஏற்கெனவே அவர்களுக்குச் சேரவேண்டியவை. அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. வேலை நியமனச் சட்டம் தரும் உரிமையைக் குறைக்கும் எந்த விதியும், ஊழியரே மனமுவந்து கையொப்பமிட்டிருந்தாலும், அந்த அளவுக்குச் செல்லாது. கோரிக்கைகளைக் கைவிடும் உறுதிமொழி வேண்டுமென்றால், சேரவேண்டியதற்கு மேல் ஒரு தொகையைத் தந்து, அதற்கு ஈடாகவே இந்த உறுதிமொழி என்று ஒப்பந்தத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆட்குறைப்பு அனுகூலத்துக்குச் சட்டம் தொகை எதையும் விதிக்கவில்லை; வேலை ஒப்பந்தமோ, தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமோ சொல்வதே கணக்கு. அவற்றில் ஒன்றும் இல்லையென்றால், குறைந்தது 2 ஆண்டு பணியாற்றியவர்களுக்கு, சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை தருவது அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு காட்டும் வழக்கம். முன்னறிவிப்பைப் பற்றி வேலை ஒப்பந்தம் பேசாவிட்டால், 5 ஆண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்குச் சட்டப்படி 4 வாரம் உண்டு.

தொகைகளை ஒரே வரியில் கூட்டிப் போடாதீர்கள். வேலையிழப்புக்கான இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை, மத்திய சேமநிதிச் சந்தாவும் இல்லை. முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளத்துக்கோ வரி உண்டு. பிரித்து எழுதாவிட்டால் பின்னர் விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். பொதுவாக, நிறுவனம் வேலையை முடிக்கும்போது கடைசிச் சம்பளத்தைக் கடைசி நாளிலேயே, முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள் தரவேண்டும். மலேசியர்களுக்கு வழி வேறு: வேலை முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வெளிநாட்டு ஊழியரின் வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐஆர்21 படிவத்தை வரி ஆணையத்திடம் சமர்ப்பித்து, வரிக் கணக்கு முடியும்வரை பணத்தை நிறுத்திவைக்கவேண்டும். ஆகவே அவர்களுடைய ஒப்பந்தத்தில் ‘கையொப்பமிட்ட உடனே பணம்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தாதியர் விஷயத்தில் தனியாகக் கவனிக்கவேண்டியது பயிற்சிப் பிணைப்பு, அதாவது பயிற்சிச் செலவுக்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் வேலை செய்யவேண்டும் என்ற நிபந்தனை. வேலையை முடிப்பது நீங்களாக இருக்கையில், எஞ்சிய பிணைப்புத் தொகையைக் கோருவதில்லை என்று எழுத்தில் தருவதே நியாயம் என்பது என் கருத்து. நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஆனால் தாதியர் வாரியத்திடமோ அமைச்சிடமோ முறையிடுவதைத் தடுக்கும் வாசகம் அதற்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ தாதியர் காட்டி வரும் அளவுக்கு அவகாசம் கொடுங்கள். அன்றைக்கே பெற்ற கையொப்பம் பின்னால் சர்ச்சைக்கு இடமளிக்கும். உங்கள் இல்லத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், தாதியரிடம் தெரிவித்த 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் அறிவிக்கவேண்டும். குறைக்கப்படுபவர் ஒருவரே ஆனாலும் இது பொருந்தும்.