கருவேலம்: அக்கேசியாவா, வாச்செலியாவா?

கேள்வி: பள்ளி வளாகத்து மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். கருவேல மரத்துக்குப் பழைய புத்தகத்தில் ‘அக்கேசியா நிலோட்டிகா’ என்றும், இணையத்தில் ‘வாச்செலியா நிலோட்டிகா’ என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? சீமைக் கருவேலமும் இதே பேரினம்தானா?

பதில்: ‘வாச்செலியா நிலோட்டிகா’ என்று எழுதுங்கள். அதன் கீழே ‘பழைய பெயர்: அக்கேசியா நிலோட்டிகா’ என்பதையும் சேர்த்துவிடுங்கள். மூலிகை நூல்கள் பலவற்றில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. சிலவற்றில் அதற்கும் முந்தைய ‘அக்கேசியா அராபிகா’ இருக்கும். மூன்றும் ஒரே மரம்தான்.

பெயர் ஏன் மாறியது? அக்கேசியா என்ற பேரினத்தில் 1,300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. மரபணு ஆய்வுகளில் அவை ஒரே கிளையில் வந்தவை அல்ல என்று தெரிந்ததும் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிக்கும்போது பழைய பெயர், அந்தப் பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் (பேரினப் பெயருக்கு அடையாளமாக வைத்த சிற்றினம்) இருக்கும் குழுவுக்கே போக வேண்டும் என்பது விதி. அந்த மாதிரி நம் கருவேலமேதான்! ஆனால் ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்தை ஒட்டிய சிற்றினங்கள் இருக்கின்றன. அத்தனையின் பெயரையும் மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்தையே மாதிரியாக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். 2005-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுத்தபோது எதிர்த்தவர்களே அதிகம். ஆனாலும் தடுப்பதற்குத் தேவையான 60 சதவீதம் கிடைக்கவில்லை, அதனால் அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியக் குழுவுக்கே போனது. 2011-இல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதி செய்தது. தங்கள் மரங்கள் அந்தப் பெயரை இழந்ததில் ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களுக்கு உள்ள வருத்தம் நியாயமானது. என்றாலும் ஆயிரம் பெயர்கள் மாறாமல் நின்றது நல்லதுதான் என்பது என் கருத்து.

கருவேலத்துக்குக் கிடைத்த பெயர் ஒன்றும் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்டும், தாவரவியலாளர் வாக்கர் ஆர்னாட்டும் 1834-இலேயே வாச்செலியா என்ற பேரினத்தை உருவாக்கியிருந்தார்கள். வெள்வேலமும் குடைவேலும் இப்போது இதில்தான். சீகைக்காய், அக்கேசியாவிலிருந்து பிரிந்த இன்னொரு பேரினமான செனகாலியா பக்கம் போய்விட்டது. இலைக்காம்பின் அடியில் இரட்டை முள் இருந்தால் வாச்செலியா. செனகாலியாவுக்கு அப்படி இருக்காது, கொக்கி போன்ற சிறு முட்கள்தான். நீலகிரி வாட்டில் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை என்பதால் அக்கேசியாவாகவே நீடிக்கின்றன.

சரி, சீமைக் கருவேலம்? அது வேறு பேரினம். அதற்கும் இரட்டை முள் உண்டு. ஆகவே பூவைப் பாருங்கள். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர். அதன் பழைய பெயர் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா. 2022-இல் அந்தப் பேரினத்தையும் பிரித்து, அமெரிக்க மரமான இதை நெல்டூமா ஜூலிஃபுளோரா ஆக்கினார்கள். இங்கே விதி அப்படியே நடந்தது: மாதிரிச் சிற்றினமான நம் வன்னி மரம் புரோசோபிஸ் என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. உங்கள் வளாகத்தில் வன்னி இருந்தால் ‘புரோசோபிஸ் சினரேரியா’ என்றே எழுதலாம்.